ஒரு மொழிக்கு மட்டும்

அன்று மீட்டிங் அறையில் ஐந்து பேர் இருந்தோம்.

முதலாளி. மலையாளி. என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார்.

டீம் லீடர். முப்பது வயதுப் பெண், அவரும் மலையாளி. கம்பெனியின் புரோகிராம் முழுவதும் அவர் தலையில்தான் இருந்தது.

கஸ்டமர் கம்பெனியின் ஆள். பெங்களூரிலிருந்து காலை விமானத்தில் வந்தவர். தமிழர், ஆனால் இங்கிலீஷில்தான் பேசுவார்.

மாமி. கோட்டைப் பக்கம் அக்ரஹாரத்தில் குடியிருப்பவர். ஐம்பத்தொரு வயது. மூன்று மாத ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடியும். வேலை பிடித்திருந்தால் நிரந்தரம்.

அப்புறம் நான். கதவோரம், ப்ரொஜக்டர் ரிமோட்டோடு.

நான் பத்தாவது ஃபெயில். ஊர் குழித்துறை. இந்தக் கட்டிடத்துக்கு முதலில் வயர் இழுக்க வந்தேன். வேலை முடிந்த பிறகு மூன்றாவது மாடிக் கம்பெனியில் யுபிஎஸ் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். நின்றுவிட்டேன். அந்த அறையில்தான் பில்டு மெஷின் இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த பையன் கனடா போனான். அவனுக்குப் பதில் யாரும் வரவில்லை. எதை அழுத்த வேண்டும் என்று லீடர் எனக்குக் காட்டிக் கொடுத்தார். நான்கு வருடமாக நான்தான் அழுத்துகிறேன்.

பில்டு என்பது இதுதான். பத்துப் பேர் பகல் முழுக்க எழுதியதை மெஷின் ஒன்றாகச் சேர்க்கும். சேர்த்ததைச் சோதிக்கும். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை. எங்கேயாவது இடித்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் நான் லீடரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பச்சை வரும்வரை நான் வீட்டுக்குப் போகக் கூடாது. இரண்டுதான் சட்டம்.

"அண்ணாச்சி, இன்னைக்கு பச்சையா சிவப்பா?" என்று லீடர் போகிறபோக்கில் கேட்பார்.

"பச்சை."

"அப்போ அண்ணாச்சி வக சாயா உண்டு அல்லே?"

"சிவப்புன்னா மேடம் வகையா?"

"சிவப்புன்னா யாருக்கும் சாயா இல்ல, கேட்டோ."

தினமும் இதே பேச்சு. தினமும் சிரிப்போம்.

எங்கள் கம்பெனி மழை அளக்கும் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதுகிறது. பொன்முடியில் எஸ்டேட்டுக்கு மேலே அப்படி ஒரு கருவி நிற்கிறது. அது அனுப்புகிற அளவை வேறு கம்பெனிக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம். எப்படி எடுப்பது என்று சொல்வதுதான் விளக்கப் பக்கம். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தொகுதி. பைத்தான் என்கிற மொழியில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொகுதி. ஜாவா பக்கங்கள் முன்பே இருந்தன. பைத்தானுக்காகத்தான் மாமி வந்தார்.

அவர் தனியாகப் பக்கம் எழுத மாட்டார். புரோகிராமுக்குள்ளேயே, ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே, இது எதற்கு, எப்படி என்று எழுதுவார். பில்டு ஓடும்போது மெஷின் அதையெல்லாம் தேடி எடுத்துப் பக்கமாக்கி, சர்வரில் வைக்கும். தினமும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கும்.

மாமிக்குப் பன்னிரண்டு வருட இடைவெளி. முன்பு ஒரு பெரிய கம்பெனியில் இருந்தவராம். மாமியார் படுக்கையில் விழுந்ததும் விட்டுவிட்டார். இப்போது வீட்டுக்காரருக்கு முட்டி போய்விட்டது. கோவிலில் நின்று செய்கிற வேலை. நிற்க முடியாது. ஐம்பத்தொரு வயதுக்காரியை வேறு எவன் எடுப்பான் என்று அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார். மழைக்காலத்தில் நனைந்த குடையை விரித்து வைக்க என் அறைக்கு வருவார். யுபிஎஸ் சூட்டில் சீக்கிரம் காயும். வரும்போது இரண்டு வார்த்தை பேசுவார். அவ்வளவு பழக்கம்தான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

பில்டை நாலு மணிக்கு ஆரம்பிப்பேன். முன்பெல்லாம் ஐந்தேகாலுக்கு முடிந்துவிடும். தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து, ஆறு மணி வண்டியில் உட்கார்ந்துவிடுவேன். மாமி வந்த பிறகு முடிய ஆறேகால் ஆனது. பைத்தான் பக்கங்களை உண்டாக்க மெஷின் முழுப் புரோகிராமையும் ஒரு தரம் எழுப்பிப் பார்க்க வேண்டுமாம். மெஷினும் பழசு. ஆறு மணி வண்டி போய்விடும். அடுத்தது எட்டு மணிக்கு. அதில் நிற்கத்தான் இடம் இருக்கும்.

இரண்டு வாரம் நின்றுகொண்டு போனேன்.

மெஷின் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற ஃபைல் ஒன்று உண்டு. கான்ஃபிக் என்பார்கள். அதில் விளக்கப் பக்கங்களுக்கு இரண்டு வரி. ஒன்றில் ஜாவா, ஒன்றில் பைத்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். ஒரு வரியின் முன்னால் ஹாஷ் குறி போட்டால் மெஷின் அந்த வரியைப் பார்க்காத மாதிரிப் போய்விடும் என்பதும் தெரியும். லீடர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பைத்தான் வரியின் முன்னால் ஹாஷ் போட்டேன்.

ஐந்தேகாலுக்குப் பச்சை வந்தது. வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

வீட்டில் யாருக்கும் சீக்கு இல்லை. அவசரம் எதுவும் இல்லை. உட்கார்ந்து போகலாம், அவ்வளவுதான். திங்கட்கிழமை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமையும் எடுக்கவில்லை. எதைத் தொட்டாலும் லீடரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம். இதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எடுக்கச் சொல்வார்.

பத்து வாரம் போனது. யாரும் கவனிக்கவில்லை. ஜாவாக்காரர்கள் ஜாவா பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மாமி தன் மெஷினிலேயே ஓட்டிப் பார்த்துக்கொள்வார். கஸ்டமர் மூன்று மாதம் முடியும்போது பார்ப்பதாகப் பேச்சு. பைத்தான் வேலை மொத்தமும் அவர் கேட்டது. அவர் சரியென்றால்தான் மாமிக்கு நிரந்தரம்.

அந்தத் திங்கட்கிழமை மீட்டிங் அதற்குத்தான்.

திரையில் விளக்கப் பக்கங்கள் இருக்கும் தளத்தைத் திறந்தார்கள். இடப்பக்கம் மொழிகளின் பட்டியல். ஜாவா. அதன் கீழே வெறுமை.

கஸ்டமர் ஆள் கொஞ்ச நேரம் பார்த்தார். பைத்தான் எங்கே என்று கேட்டார். லீடர் மேலே போனார், கீழே போனார், பக்கத்தைப் புதுப்பித்தார். ஜாவா மட்டும்தான்.

"எழுதியிருக்கேன் சார். எல்லாம் புரோகிராம்லயே இருக்கு. என் மெஷின்ல பக்கமா வரது" என்றார் மாமி.

"உங்க மெஷின்ல வரும் மேடம். எல்லார் மெஷின்லயும் எல்லாம் வரும்" என்றார் கஸ்டமர் ஆள். அதைத் தமிழில் சொன்னார். முதலாளி சிரித்தார். கஸ்டமர் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

லீடர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பில்டு எப்படி?"

"பச்சை மேடம்."

"டெய்லியா?"

"டெய்லி பச்சை."

"கான்ஃபிக்ல ஒண்ணும் தொடலையே?"

எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. அதற்கு முன் அந்த ஹாஷை ஒரு வண்டிக் காரியமாகத்தான் நினைத்திருந்தேன். மாமியின் முகத்தை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

"இல்ல மேடம்" என்றேன்.

நான்கு வருடத்தில் நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பினார். மேற்கொண்டு ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை.

பில்டு பச்சை என்றால் மெஷின் சரி. மெஷின் சரி என்றால் எழுதியதில்தான் தப்பு. எங்கள் ஆபீசில் இப்படித்தான் யோசிப்பார்கள். விளக்கத்தை எழுத ஒரு முறை இருக்கிறது. இடம் தள்ளி எழுதினாலும், ஒரு குறி விட்டுப்போனாலும் மெஷின் எடுக்காது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். மாமி முறை தப்பி எழுதியிருக்கிறார், அவர் மெஷினில் வேறு வகை டூல் இருக்கிறது, அதனால்தான் அங்கே வருகிறது என்று லீடர் முடிவுக்கு வந்தார். பன்னிரண்டு வருட இடைவெளியாயிற்றே என்று முதலாளி சொன்னார். மாமியை வைத்துக்கொண்டே சொன்னார்.

வெள்ளிக்கிழமைக்குள் பக்கங்கள் வர வேண்டும். வராவிட்டால் பைத்தான் வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுப்பேன் என்று கஸ்டமர் ஆள் சொன்னார். சாப்பிட்டுவிட்டு விமானத்துக்குப் போனார்.

மாமி தன் இடத்துக்குப் போய் முதல் வரியிலிருந்து தேட ஆரம்பித்தார்.

இல்லாத தப்பைத் தேடுவதை நான்கு நாள் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை லீடர் என் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். வேறொரு வேலை. அதனால் ஹாஷை எடுக்கவில்லை. அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இரண்டு தரம் டீ குடிக்க வெளியே போனார். ஒரு குறியை அழிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

மாமி ஒருமுறை அறைக்கு வந்தார். கையில் நோட்டு. பார்த்து முடித்த ஃபைல்களுக்கு அதில் டிக் போட்டிருந்தார்.

"நீங்கதானே அழுத்தறேள். அது ஓடும்போது எங்கேயாவது என் ஃபைல் பேர் வரதா? ஒரு தரமாவது?"

"கவனிக்கல மாமி."

"இன்னிக்குக் கொஞ்சம் பாருங்கோ. வந்தா ஒரு தாள்ல குறிச்சு வைங்கோ. எந்தப் பேர்ல நிக்கறதுன்னு தெரிஞ்சா போறும். நான் பிடிச்சுடுவேன்."

"பாக்கறேன்."

பார்க்க என்ன இருந்தது? அவர் பேர் வராது. வரக் கூடாது என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் ஆறு மணி வண்டியில் போனேன். இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன்.

புதன்கிழமை ஹாஷை எடுத்தேன். பக்கங்கள் தானாக வரட்டும், மாமி தன் கையால் சரியானது என்று நினைத்துக்கொள்ளட்டும், யாருக்கும் எதுவும் தெரியாது. அதுதான் என் கணக்கு. நாலு மணிக்கு அழுத்தினேன்.

நாலே முக்காலுக்குச் சிவப்பு.

பத்து வாரத்தில் மெஷினில் எதையோ புதுப்பித்திருந்தார்கள். பைத்தானுக்கு வேண்டிய ஏதோ ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. இத்தனை நாள் அந்த வரியையே மெஷின் பார்க்கவில்லை, அதனால் துண்டு இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. திரையில் சிவப்பில் நாலைந்து வரி. எழுத்துக் கூட்டி வாசித்தேன். புரியவில்லை.

சிவப்பு வந்தால் லீடரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால், நேற்றுவரை பச்சையாக இருந்தது இன்றைக்கு ஏன் பைத்தானில் நிற்கிறது என்று கேட்பார்.

லீடரின் இடம் பன்னிரண்டு அடி தள்ளி. எழுந்து நின்றேன். கதவுவரை போனேன். அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பச்சையா சிவப்பா?"

"ஓடுது மேடம்."

திரும்பி வந்து ஹாஷைப் போட்டேன். மறுபடியும் அழுத்தினேன். ஆறு மணிக்குப் பச்சை வந்தது. அன்று எட்டு மணி வண்டியில் நின்றுகொண்டு போனேன். அதை ஒரு தண்டனையாக எண்ணிக்கொண்டேன். அது தண்டனையே இல்லை.

வியாழக்கிழமை ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாமி என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடைசியாக ஒரு இடத்தை மாற்றியிருக்கிறேன், வந்துவிடும் என்றார். வீட்டிலிருந்து போன் வந்தது. "இன்னும் அரை மணி. வந்துடும்னு தோணறது" என்று சொல்லிவிட்டு வைத்தார். எனக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது. அந்த அரை மணியும் அந்த ஃபைல் என் முன்னால்தான் இருந்தது. ஒரு சொடுக்கில் திறக்கும்.

பச்சை வந்தது.

தளத்தைத் திறந்தார். ஜாவா மட்டும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

"எங்கேயோ என் தப்புதான். என்னால கண்டுபிடிக்க முடியலை. இத்தனை வருஷம் விட்டா இப்படித்தான் ஆகும் போலிருக்கு" என்றார்.

நான் திரும்பவில்லை.

முதலாளி ஐந்தரை மணிக்கு அவரைக் கூப்பிட்டுப் பேசினார். பத்து நிமிடம். வெளியே வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும் வந்தார். "வரேன். ரயிலுக்கு நாழியாச்சே, கிளம்புங்கோ" என்றார்.

சனி, ஞாயிறு வீட்டில் இருந்தேன். என்ன உடம்புக்கு என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். வேலை போய்விடும் என்கிற பயம் அந்த வாரம் முழுக்க இருந்தது. அது குறையவில்லை. ஆனால் தன் தப்பு என்று அவர் சொன்னது அதைவிடப் பெரிதாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை லீடர் வந்ததும் போய் நின்றேன்.

"மேடம், கான்ஃபிக்ல கை வச்சது நான்தான்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு எழுந்து என் அறைக்கு வந்தார். ஃபைலைத் திறந்தார். ஹாஷைப் பார்த்தார்.

"எப்போ?"

"பத்துப் பதினோரு வாரம்."

"எந்தினு அண்ணாச்சி? எதுக்கு?"

"ஆறு மணி வண்டி."

அவர் என்னைத் திட்டவில்லை. "அந்த ஸ்த்ரீ நாலு நாளு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. காணாமல் போன துண்டைப் பத்து நிமிடத்தில் ஏற்றினார். ஹாஷை அழித்தார். பகலிலேயே பில்டை ஓட்டினார். பச்சை. தளத்தில் ஜாவாவுக்குக் கீழே பைத்தான் வந்து நின்றது. மாமி எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் தொட வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து லீடர் பச்சையா சிவப்பா என்று கேட்பதில்லை. அவரே திரையைப் பார்த்துக்கொள்கிறார்.

முதலாளியிடம் சொன்னோம். கஸ்டமருக்குப் போன் போட்டார். பைத்தான் வேலையை ஞாயிற்றுக்கிழமையே வேறு கம்பெனிக்குப் பேசி முடித்தாயிற்று என்றார்கள். போனை வைத்தார்.

"என்னை அனுப்பிடுங்க சார்" என்றேன்.

"அண்ணாச்சி போனா நாலு மணிக்கு யாரு இருக்கும்? போய் வேலையப் பாரு. இனி சொல்லிட்டு ஒரு காரியமும் இல்ல." பிறகு, "மாமிகிட்ட போய்ச் சொல்ல வேண்டாம், கேட்டோ. அவங்க மறந்நு போகும்" என்றார்.

அனுப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அதை அவர் கொடுக்கவில்லை.

மறுநாள் லீவு சொன்னேன். தம்பானூரில் இறங்கி, பழவங்காடி தாண்டி, கோட்டைக்குள் நடந்தேன். தெரு தெரியும், வீடு தெரியாது. பால்காரரிடம் கேட்டேன். முட்டிவலிக்காரர் வீடு என்றதும் கை காட்டினார்.

மாமிதான் கதவைத் திறந்தார். கையில் மாவு.

"அடடே, நீங்களா? உள்ள வாங்கோ."

"இங்கயே நிக்கிறேன் மாமி."

நின்றபடி சொன்னேன். ஹாஷைச் சொன்னேன். இல்ல மேடம் என்றதைச் சொன்னேன். புதன்கிழமை எடுத்ததையும் திரும்பப் போட்டதையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவர் பின்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்த வேலையையும் அவர் தலையில் வைக்க வேண்டாம் என்று தோன்றியது.

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர், "யாரு?" என்றார்.

"ஆபீஸ்லேர்ந்து" என்றார் மாமி. பிறகு என்னிடம், "ரயிலுக்காகவா?" என்றார்.

"ஆமா மாமி. உக்காந்து போக."

தலையை ஆட்டினார். கை மாவைப் பார்த்தார். உதிர்ந்த மாவு படியில் கிடந்தது.

"சொல்லியிருக்கலாமே. உங்களுக்குப் பதிலா நானே உக்காந்து அழுத்தியிருப்பேனே. எனக்கு வீடு நடக்கற தூரம்தானே."

ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

"பைத்தான் வேலை வேற கம்பெனிக்குப் போயாச்சா?"

"போயாச்சு மாமி. முதலாளி கேட்டுப் பாத்தாரு."

"ம்." எதிர் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "அப்போ என் எழுத்துல தப்பு இல்லை."

"இல்ல மாமி."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல. மேடம் ஒரு வரியைக்கூடத் தொடல. அப்படியே வந்துச்சு."

கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டார். வெள்ளையாக அச்சு விழுந்தது.

"எத்தனை பக்கம் வந்தது?"

"அறுநூற்று முப்பத்தெட்டு" என்றேன்.